இரண்டு காலையும் பார்த்தவள்

என் மகள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்க்கவில்லை. குப்புற விழுந்ததைப் பார்க்கவில்லை. கால் கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டதையும் பார்க்கவில்லை. இதையெல்லாம் முதலில் பார்த்தவள் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்த ஓர் அக்கா. ஆறேழு வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். நன்றியும் வரும், ஆனால் மழைக்காலத்துப் பசறை பஸ் மாதிரி பிந்தித்தான் வரும்.

பெயரை எழுதப்போவதில்லை. அது அவளுக்குப் பிடிக்காது.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற ரோட்டில் இறங்கி, மேலே ஏறி நடந்தால் எங்கள் தோட்டம். நான் அங்குள்ள பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஸ்கொலர்ஷிப் வகுப்பு, அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் உண்டு. கணவருக்குக் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையொன்றில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். பிரசவ லீவு முடிந்தபோது மகளுக்கு நாலு மாதம் தாண்டியிருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரிடம் சொல்லி அங்கே எனக்கும் ஓர் இடம் கேட்டு வாங்கினேன். பாடசாலையிலிருந்து ஐந்து நிமிஷ இறக்கம். இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன்.

முதல் நாள் காலை மலையெல்லாம் பனி. நான் மகளைச் சுற்றிக்கொண்டு போன அழகைப் பார்க்க வேண்டும். கால் இரண்டையும் நீட்டிச் சேர்த்து, ஃபிளனல் துணியால் இறுக்கி, அதன்மேல் துவாய், அதன்மேல் சால்வை. அவிழாது, குளிர் புகாது, கால் வளையாது. எங்கள் பக்கத்தில் பிள்ளையின் கால் நேராக வரவேண்டுமென்று அப்படித்தான் கட்டுவார்கள். அதிலும் என் கட்டு பேர்போனது. "டீச்சர் புள்ளைய கட்டுனா தபால்ல அனுப்பலாம்" என்று தொழிலாளர் லயத்துப் பெண்கள் சொல்வார்கள். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

அக்கா பிள்ளையைக் கையில் வாங்கினாள், பாயில் கிடத்தினாள், ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினாள். என் கண்ணுக்கு முன்னாலேயே. சால்வை, துவாய், ஃபிளனல், கடைசியில் நாப்பித் துணியும்.

"குளிருதே அக்கா" என்றேன்.

"ஒரு நிமிசந்தாங்க டீச்சர். ரெண்டு பக்கமும் பாத்துட்டு மூடிருவேன்."

பிளேன்டீ கிளாஸைச் சுற்றிக் கையைப் பிடித்துச் சூடாக்கிக்கொண்டு, பிள்ளையின் இரண்டு முழங்காலையும் மடித்து மெதுவாக வெளிப்பக்கம் விரித்தாள். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்து, தலையைச் சரித்து ஒரு கண்ணால் பார்த்தாள். தச்சன் பலகையைப் பார்க்கிற பார்வை. அப்புறம் மூடினாள். மூடினாள் என்றா சொல்வது, போர்த்தினாள். இடுப்புக்கு மேலே மட்டும் கதகதப்பாகச் சுற்றி, கீழே காலைத் தவளை மாதிரி விரிய விட்டிருந்தாள். நான் அரைமணி நேரம் மெனக்கெட்டுக் கட்டிய கட்டு பக்கத்தில் துணிக்குவியலாகக் கிடந்தது.

அன்றிலிருந்து தினமும் அதே கதை. காலையில் நான் கட்டுவேன், அவள் அவிழ்ப்பாள். மறுநாள் இன்னும் இறுக்கிக் கட்டுவேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அவிழ்ப்பாள்.

அவளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். இடது கால் வலதைவிடக் கட்டை. நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து எழும்பும். பள்ளி விட்டுப் போகும் பிள்ளைகள் சிலர் அவளுக்குப் பின்னால் அதேமாதிரி நடந்து காட்டுவார்கள். அவள் நின்று திரும்பிப் பார்த்து, "தோள ஆட்டாத. இடுப்புல ஆட்டு, அப்பதான் சரியா வரும்" என்று திருத்திவிட்டுப் போவாள். திருத்தப்பட்ட பிறகு எந்தப் பிள்ளைக்கும் மறுபடி அப்படி நடக்கத் தோன்றாது. நான் பிரம்பு வைத்திருந்தும் சாதிக்காததை அவள் இப்படிச் சாதித்தாள் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

எதையும் சோடி சோடியாகப் பார்ப்பது அவள் பழக்கம். கோயில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்து, இன்னார் உள்ளே இருக்கிறார் என்று சொல்வாள். எந்தச் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். ஒருமுறை ஆடித் திருவிழாவில், ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து வந்த யாரோ ஒருத்தியின் கைப்பிள்ளையைக் கொஞ்சுகிற சாக்கில் வாங்கி, கூட்டத்துக்கு நடுவே காலை விரித்துப் பார்த்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா பாக்குற, பொம்பளப் புள்ளைய?" என்று பிடுங்கிக்கொண்டார்.

"நல்லா இருக்குங்க. ரெண்டும் ஒண்ணு போல இருக்கு" என்று அவள் சிரித்தாள். அந்த மனிதர் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், அந்தச் சிரிப்பைப் பார்த்து அப்படியே மூடிக்கொண்டார். நான் அவளைத் தெரியாதவள் போலத் தள்ளி நின்றேன்.

அவள் அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "ஒண்ண மட்டும் பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கணும்." உருளைக்கிழங்கு வாங்கும்போதும் சொல்வாள், வாரக்கடைசியில் வரும் வெலிமடைக்காரனிடம். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்வாள்.

நானும் சேர்த்து வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளையும் என்னையும். நான் டிப்ளோமா முடித்தவள், அவள் பத்தாம் வகுப்போடு நின்றவள். பெற்றவள் நான், அவள் கல்யாணமே ஆகாதவள். எல்லாம் சரி. ஆனால் இடைவேளைக்கு நான் மூச்சிரைக்க ஓடிப்போய் மார்போடு அணைத்தால், மகள் நாலு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பி அந்த அக்கா எங்கே என்று தேடினாள். அந்தத் திருப்பலை என்னால் தாங்கவே முடியவில்லை.

சிரித்த கதையையும் அப்படி ஓர் இடைவேளையில்தான் கேட்டேன். "இன்னைக்கி சத்தமா சிரிச்சுச்சுங்க டீச்சர். நான் தும்முனேன், அதுக்குச் சிரிச்சுச்சு" என்றாள் அக்கா, முகமெல்லாம் மலர்ந்து. அன்று மாலை வீட்டில் நான் எத்தனை தடவை பொய்த் தும்மல் போட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

பிள்ளையை அங்கே விடத் தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். ஒரு பின்னேரம் பிள்ளையை வாங்கப் போனபோது அக்கா என்னை உட்காரச் சொன்னாள். மற்றத் தாய்மார் போகும் வரை காத்திருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பாப்பாவுக்கு இடது காலு விரிய மாட்டேங்குது. மொத நாளே பாத்தேன். குளிர்ல வெறைச்சுக்கிச்சோன்னு விட்டேன். தெனமும் பாத்துக்கிட்டுத்தான் வாறேன். சூடான கையில, தூங்கயில, பால் குடிச்சப்புறம், எப்பப் பாத்தாலும் அப்பிடியேதான் இருக்கு. தொடையில மடிப்பும் அந்தப் பக்கம் ஒண்ணு கூட இருக்கு. ஒருக்கா பதுளைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்க."

"பொறந்தப்பவே டாக்டர் பாத்தாங்க. எல்லாம் சரின்னாங்க."

"பொறந்தப்ப சரியா இருந்தும் அப்புறம் நழுவுமாம் டீச்சர். மிட்வைஃப் அம்மா வகுப்பு எடுத்தப்ப சொன்னாங்க. பாப்பா தலையால பொறந்துச்சா, குண்டியால பொறந்துச்சா?"

மகள் வயிற்றில் தலைமேலாகத்தான் இருந்தாள், ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த ஆஸ்பத்திரி டிக்கெட்டில், ஆறு வாரத்தில் இடுப்பை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பார்க்க வரும்படி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் மண்சரிவில் ரோடு மூடிக்கிடந்தது. ரோடு திறந்த பிறகு நான் போகவில்லை. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று இருந்துவிட்டேன். இவ்வளவும் அந்த ஒரு கேள்வியில் என் நெஞ்சில் வந்து நின்றது. பயந்தவள் அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். என் பிள்ளையின் உடம்பில் எனக்குத் தெரியாத ஒன்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்ற கோபம்.

"ஒங்க கால மாதிரியே எம் புள்ள காலும் இருக்கணும்னு ஆசையா?" என்று கேட்டேன்.

கேட்டதும் எனக்கே திக்கென்றது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். அக்கா பிள்ளைக்குத் தொப்பி போட்டுக்கொண்டிருந்தாள். தொப்பியின் நாடாவை முடிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இருக்கக் கூடாதுன்னுதாங்க சொல்றேன்" என்றாள்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் ஃபெக்டரி டிரைவரின் மனைவி இருந்தாள். அவள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவள் நல்லவள். என் கட்டை அவிழ்க்கவே மாட்டாள். காலையில் நான் கொடுத்த பார்சல் பின்னேரமும் பார்சலாகவே இருக்கும்.

இப்படியே இரண்டு மாதம் போயிற்று. வழியில் எங்காவது அக்காவைக் கண்டால் நான் கொப்பியைத் திருத்துகிற மாதிரி குனிந்துகொள்வேன், நடந்துகொண்டே. அவள் ஒரு நாளும் கால் பேச்சை எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. எடுத்தாள். கடைப்படியில் ஒருமுறை, "காட்டுனீங்களா டீச்சர்?" என்றாள். இன்னொருமுறை மிட்வைஃப் அம்மாவை என் வீட்டுக்கே அனுப்பினாள். அன்று நான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு கதவைத் திறக்கவில்லை. இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளைக் குளிப்பாட்டித் துடைத்து, கட்டுவதற்காகக் கட்டிலில் கிடத்தியிருந்தேன். அவள் தானாக முழங்காலை மடித்துத் தூக்கினாள். வலது காலை நன்றாகத் தூக்கினாள், இடது கால் பாதியில் நின்றது. எனக்கு அந்த வசனம் ஞாபகம் வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே இரண்டு பாதத்தையும் கட்டிலில் ஊன்றி, இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒன்று தாழ இருந்தது. விரல் அகலத்துக்குத் தாழ இருந்தது. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே முழங்கால்தான் தாழ்ந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து அழுதேன், மகள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாளே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். வலது தொடை எலும்பின் பந்து அதன் குழிக்குள் பத்திரமாக இருந்தது. இடது பக்கத்துப் பந்து குழிக்கு வெளியே, மேலே ஏறி நின்றது.

"இந்தக் குழி பந்து உள்ளுக்க இருந்தாத்தான் ஆழமா வளரும். வெளியில நிண்டால் குழியும் வளராது" என்றாள். "ரெண்டு மாசம் முந்திக் கொண்டு வந்திருந்தால் காலை விரிச்சு வைக்கிற பெல்ட்டோட முடிஞ்சிருக்கும். இப்ப மயக்கம் குடுத்துத்தான் உள்ளுக்க வைக்கவேணும். பிறகு ஒரு மூண்டு மாசம் பிளாஸ்டர். அது கழட்டினாலும் கொஞ்சக் காலம் பெல்ட்."

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

"எண்டாலும் பயப்பிடாதேங்கோ. நடக்கிறதுக்கு முன்னம் கண்டது நல்லம். ஆர் கண்டது, மிட்வைஃபோ?"

சுற்றி மூன்று நாலு மாணவ டாக்டர்கள் நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன். "குளிப்பாட்டயில பாத்தேன். முழங்கால் ஒண்ணு தாழ இருந்திச்சு."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. மாணவர்கள் பக்கம் திரும்பி, "பாருங்கோ, அம்மாமார் கவனிச்சால் இப்பிடித்தான்" என்றாள். என் தோளைத் தொட்டாள். நான் அந்தத் தொடுகையை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன சொல்ல? களவெடுத்தவள் பொருளை மடியில் மறைப்பது போல வாங்கிக்கொண்டேன்.

மயக்கம் கொடுத்து, பந்தைக் குழிக்குள் வைத்து, நெஞ்சிலிருந்து கணுக்கால் வரை பிளாஸ்டர் போட்டுத் தந்தார்கள். கால் இரண்டும் மடிந்து விரிந்து நின்றன. நான் எந்தக் காலை நீட்டி நீட்டிக் கட்டினேனோ அந்தக் கால், அக்கா விட்டிருந்த அதே தவளைக் கோலத்தில் கல்லாகி நின்றது. அரைச்சம்பள லீவு போட்டு ஒரு மாதம் கூட இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை, பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. டிரைவரின் மனைவி பிளாஸ்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குப் பயமா இருக்குங்க டீச்சர், ஒடச்சுட்டா?" என்று ஒதுங்கிக்கொண்டாள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

நான் போய்க் கேட்கவில்லை. அக்காதான் வந்தாள். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஏறுகிற படி நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒரு கையால் வேலியைப் பிடித்துச் சாய்ந்து சாய்ந்து ஏறி வந்து, வாசலில் மூச்சு வாங்கி நின்றாள்.

"பாப்பாவ எப்ப கொண்டாறீங்க? உமிய ரொப்பித் தலகாணி தச்சு வச்சிருக்கேன். சாஞ்சு ஒக்காரலாம்."

"அக்கா, நான் அன்னைக்கி..."

"பிளாஸ்டருக்குள்ள ஈரம் போகக்கூடாது. அதத்தான் பாக்கணும்" என்றாள். என்னை மன்னிப்புக் கேட்கக்கூட விடவில்லை அவள்.

குனிந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நான் ஒரு மாதமாக எப்படித் தூக்குவதென்று தெரியாமல் பலாப்பழத்தைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கித் திரிந்த பிள்ளை, அவள் இடுப்பில் போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. அவளுக்கு ஒரு பக்கம் சாய்ந்த உடம்பு; மறுபக்கம் இடுப்பு மேடாக எழும்பி நிற்கும். விரிந்த பிளாஸ்டர் அந்த மேட்டுக்கு அளவெடுத்துப் போட்டது மாதிரி இருந்தது. மகள் அவள் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. உன் இடுப்பை எனக்குக் கொடு என்று பிடுங்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

சில நாள் கழித்து இடைவேளைக்குப் போனபோது மிட்வைஃப் அம்மா உள்ளே பிள்ளைகளை நிறை பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவள் அவர் கேட்டதைக் கேட்டு நின்றேன்.

"நீங்கதானே மொதல்ல எங்கிட்ட சொன்னது? டீச்சர் கண்டதா ஆஸ்பத்திரியில எழுதியிருக்காங்க."

"டீச்சர்தாங்க பாத்தாங்க. குளிப்பாட்டயில" என்றாள் அக்கா. "நான் சும்மா சந்தேகந்தான் சொன்னேன். முழங்கால சேத்து வச்சுப் பாத்தது அவங்கதான்."

ஆஸ்பத்திரியில் நான் சொன்ன சொல் எப்படி அவள் காதுக்குப் போனதோ. தோட்டத்தில் எதுதான் யார் காதுக்குப் போகாது.

அதற்குப் பிறகு அது என் கதையாகவே ஆகிவிட்டது. அடுத்த கிளினிக் நாளில் தாய்மாருக்கு நாலு வார்த்தை சொல்லும்படி மிட்வைஃப் அம்மா என்னைக் கூப்பிட்டார். நானும் போனேன். பேசுவது என் தொழில், நன்றாகவே பேசினேன். பிள்ளையின் காலை நீட்டி இறுக்கிக் கட்டாதீர்கள், இடுப்புக்குக் கீழே தளர விடுங்கள் என்றேன். இடுப்பில் காலை விரித்துத் தூக்குவது நல்லது என்றேன். வயிற்றில் தலைமேலாக இருந்த பிள்ளை, குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறை இருக்கிற பிள்ளை, பெண் பிள்ளை என்றால் இன்னும் கவனம், டாக்டர் வரச்சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள் என்றேன். ஒரு பிள்ளையைக் கிடத்தி முழங்காலை மடித்துக் காட்டி, "ஒண்ண மட்டும் பாத்தா சரியாத்தான் இருக்கும், ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கணும்" என்றேன். அவள் வசனம், எழுத்து மாறாமல்.

அக்கா பின்வரிசைச் சுவரோரம் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு கேலி, ஒரு வருத்தம், ஏதாவது. அவள் என் பேச்சையே கேட்கவில்லை. நான் கிடத்தி வைத்திருந்த பிள்ளையின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கைதட்டியபோது என் மகளின் கையைப் பிடித்து அவளும் தட்டவைத்தாள்.

அவள் சொந்தக் காலைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசினாள். பிளாஸ்டர் கழற்றிய வாரம் அது. மகளின் கால் மெலிந்து, தோல் உரிந்து கிடந்ததைப் பார்த்து நான் கலங்கிப்போயிருந்தேன்.

"எனக்கும் நடக்கிற வரைக்கும் யாரும் பாக்கலீங்க. நடந்தப்ப சாஞ்சு நடந்தேன். போகப்போகச் சரியாயிரும்னாங்க. சரியாகல. எங்கம்மா கடைசி வரைக்கும், நான் கீழ போட்டுட்டேனோ, நான் கீழ போட்டுட்டேனோன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. போடவே இல்ல, பாவம்." மகளின் காலைத் துணியால் மூடிவிட்டு, "ஒங்களுக்கு அந்தத் தொந்தரவு வேணாம் டீச்சர்" என்றாள்.

நான் வேறு பக்கம் பார்த்தேன். எனக்கு அந்தத் தொந்தரவு வந்து நாளாகியிருந்தது.

மகள் நடக்க ஒன்றரை வயதாயிற்று. ஒரு பின்னேரம் நான் போனபோது அக்கா பிள்ளைக்காம்பரா முற்றத்தில் எனக்காகக் காத்திருந்தாள். "இன்னும் நடக்கலீங்க டீச்சர். இன்னைக்கி நடக்கும் போல இருக்கு. நீங்க அங்க குந்துங்க" என்று, மகளை நிறுத்திவிட்டுத் தான் பின்வாங்கினாள். நான் கையை நீட்டினேன். மகள் நடந்து வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன், ஏழாவது அடியில் என் கைக்குள் வந்துவிட்டாள். சாயவில்லை. எந்தப் பக்கமும் சாயவில்லை. அழுதுகொண்டே நிமிர்ந்தபோது, அக்கா பின்னால் குனிந்து நின்று இடது பாதம், வலது பாதம் என்று மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது.

படியேறி வரும்போது கொழுந்துக்கூடையோடு வந்த ஒருத்தி என் மகளின் கன்னத்தைத் தட்டினாள். "மூணு நாளா புள்ளக்காம்பராவச் சுத்திச்சுத்தி நடக்குதே. இப்ப மட்டும் தூக்கச் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சந்தோஷத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால், சிரித்ததைச் சொன்ன அன்று என் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு அவள் எதையுமே முதலில் கண்டதாக என்னிடம் சொல்லவில்லை. குப்புற விழுந்தது, கால் கட்டைவிரல், முதல் பல், முதல் சொல், எல்லாம் "வீட்டுல பாருங்க டீச்சர், இன்னைக்கி வரும் போல இருக்கு" என்றுதான் வந்தது. எத்தனை நாள் கழித்து எனக்குத் தந்தாளோ.

மகளுக்கு நாலு வயதானபோது அக்கா தோட்டத்தை விட்டுப் போனாள். கொழும்பில் ஒரு வீட்டில் கைப்பிள்ளை பார்க்கிற வேலை. எனக்கும் பதுளைக்கு மாற்றம் கிடைத்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் மகளின் இடுப்பைப் படம் எடுத்துக் காட்டுவோம். போன மாதமும் போனோம். அதே டாக்டர். இரண்டு பக்கத்துக் குழியும் ஒன்றுபோல ஆழமாகிவிட்டது என்று படத்தில் விரலை வைத்துக் காட்டினாள். புதிய மாணவர்களிடம், "இவதான் அம்மா கண்டுபிடிச்ச பிள்ளை" என்று அறிமுகப்படுத்தினாள்.

வரும் வழியில் பஸ்ஸில் மகள் கேட்டாள், "எப்பிடிம்மா கண்டுபுடிச்சீங்க?"

"குளிப்பாட்டயில" என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். இரண்டு வருஷமாக எடுக்காத நம்பர், மாறியிருக்கும் என்று கொஞ்சம் நம்பிக்கையும் இருந்தது. மாறவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணு போலயா? ரெண்டும்?" என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு நான் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கி டாக்டர்கிட்ட நான்தான் கண்டேன்னு பொய் சொல்லிட்டேன். பாப்பாகிட்டயும் இன்னும் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"தெரியுங்க டீச்சர்."

"அப்ப ஏன் நீங்க..."

"மத்தது எல்லாத்தையும் நான் மொதல்ல பாத்துட்டேன்ல" என்றாள் அக்கா. "அந்த ஒண்ணாவது ஒங்களுக்கு இருக்கட்டும்னு விட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை சிணுங்குவது கேட்டது. "முழிச்சிருச்சு, வைக்கிறேங்க" என்றாள். போனை அவள் சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது. துணி அவிழ்கிற சத்தமும், "எங்க, ரெண்டு காலையும் காட்டுங்க பாப்பம்" என்று கொஞ்சுகிற குரலும், உடனே அழுகை நிற்பதும் கேட்டன. நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளையின் அம்மா அப்போது ஏதாவது ஒரு ஆபீஸில் இருந்திருப்பாள். தன் பிள்ளை அன்று என்ன செய்தது என்று அவளுக்குப் பிறகுதான் தெரியவரும், அதுவும் அக்கா தருகிறபோதுதான். பாவம் என்றுதான் நான் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அந்த அம்மாமேல் பொறாமையாக இருந்தது.